இன்று இரண்டு ஸ்கேன்

செவ்வாய்க்கிழமை.

கேம்ப் ரோட்டில் பஸ் நகரவே இல்லை. என் மனைவி ஸ்டெல்லாவுக்குக் கர்ப்பப்பையில் கேன்சர். அதற்குக் கரண்ட், அதாவது கதிர்வீச்சு, வைக்கும்போது சிறுநீர்ப்பை நிறைந்திருக்க வேண்டும். அதற்காகத் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் தினமும் கிளம்புவாள். இன்று அடக்க முடியாமல், ஆஸ்பத்திரிக்குள் நுழைந்ததும் பாத்ரூமுக்கு ஓடிவிட்டாள். வெட்கத்தில் யாரிடமும் சொல்லவில்லை. கரண்டுக்கு முன்னால் எடுக்கும் ஸ்கேனில் பை காலி என்று தெரிந்துவிட்டது. மறுபடி தண்ணீர், மறுபடி ஸ்கேன்.

டாக்டரம்மாவிடம் கேட்டேன். "இந்த ஸ்கேன்லயும் அந்த கேன்சர் செல்லுங்க சாகுமா மேடம்?"

"ஸ்கேன்ல போற கதிர் ரொம்பக் கம்மி சார். அது கரண்டுக்கு முன்னாடியே போறதால கேன்சர் செல் கூடுதலா சாகுதா, இல்ல உஷாராயிடுதான்னு லேப்ல இன்னும் பாத்துட்டுதான் இருக்காங்க. நீங்க பயப்படாதீங்க. மெஷினை நிறுத்திட்டா உடம்புல எதுவும் தங்காது."

கூடுதலாகச் சாகட்டும். ஒரே ஒரு செல்லாவது.

எதுவும் தங்காது என்று ஸ்டெல்லாவிடம் எத்தனை முறைதான் சொல்வது? சிகிச்சை தொடங்கியதிலிருந்து ஹாலில் பாய் போட்டுத் தனியாகப் படுக்கிறாள். அவள் உடம்பில் இருக்கும் கரண்ட் என்னையும் பிடித்துவிடுமாம். இன்று விளக்கை அணைக்கும்போது அவள் நெற்றியைத் தொட்டேன். சுவரோரம் நகர்ந்துகொண்டாள்.

"இன்னைக்கு ரெண்டு ஸ்கேன் வேற. கிட்ட வராதீங்க."

கட்டிலில் அவள் பக்கத்து விரிப்பு இன்னும் கசங்காமல் இருக்கிறது. அதைப் பார்த்துக்கொண்டு எவ்வளவு நேரம் எழுதுவது? தலையணையை எடுத்துக்கொண்டு ஹாலுக்குப் போகிறேன். திட்டினால் திட்டட்டும்.