கஞ்சன் வெண்பா

ஜூன் 12, வியாழன்

சூப்பர்வைசர் மாணிக்கத்தின் பூட்ஸில் ஓர் அட்டை ஊர்ந்துகொண்டிருந்ததைத்தான் முதலில் பார்த்தேன். அதற்குள் அவர் கத்தத் தொடங்கிவிட்டார்.

"ஏட்டி, எம்பேரப் பாட்டுல வச்சுச் சிரிக்கச் சொல்லிக் குடுத்தியோ?"

நான் வேலை பார்க்கும் தேயிலை எஸ்டேட் கிரச்சில், அதாவது பிள்ளைக் காப்பகத்தில், பிள்ளைகளுக்கு நான் சொல்லிக்கொடுத்தது பழைய வெண்பா ஒன்று. விருந்தாளிக்குச் சோற்றின் வாசனையை மட்டும் பரிமாறிய கஞ்சனைப் பற்றியது. கஞ்சன் வரும் இடத்தில் மாணிக்கம் என்று பிள்ளைகளே போட்டுக்கொண்டார்கள். கொழுந்து நிறுக்கும்போது ஈரம், சாக்கு என்று அவர் எடை கழிப்பதைத் தினமும் வீட்டில் கேட்கிறார்களே.



"எட்டாங்கிளாஸோட நின்னவளுக்கு வெண்பா ஒரு கேடா? இன்னொரு தடவ எங்காதுல விழுந்தா வேலைக்கு வராத. மனசிலாயோ?"

ஆயா செல்வி அக்கா என் முதுகைக் கிள்ளினாள். "மன்னிப்பு கேளுடி, போயிருவாரு."

கேட்டேன். நினைத்தால் இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது. செய்யாத தப்புக்கு! அம்மா பறித்த கொழுந்தில் கை வைக்கிறவரிடம்!

அவர் வெளியே போய் ஜீப்பில் ஏறினார். குட்டி கனி என் பாவாடையை இழுத்து, "அக்கா, இனி அந்தப் பாட்டு கிடையாதா?" என்றாள்.

ஜீப் கிளம்பும் முன்பே முதல் அடியை உரக்கச் சொன்னேன், அவர் பேரை வைத்தே.