அம்மாவின் ஹால் டிக்கெட்டில் மீசை

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். உன் முழங்கால் வலி மட்டுப்பட்டதா? தைலத்தை மறக்காமல் தடவு.

எங்கள் ஆபீசில் செய்த தேர்வு இணையதளத்தில் மாணவர்கள் போட்டோ ஏற்றினால் ஹால் டிக்கெட் தானாக உருவாகும். அதை மாணவர்களுக்குத் திறப்பதற்கு முந்தின நாள், சோதித்துப் பார்க்க உன் பெயரையும் படத்தையும் போட்டேன். உன் பெயருக்குக் கீழே எங்கள் மேனேஜரின் மீசை முகம் வந்து நிற்கிறது! அவரும் அதே நேரத்தில் சோதித்திருக்கிறார். இரண்டு படக் கோப்புகளுக்கும் 'போட்டோ' என்றே பெயர். பின்னால் வந்தது முன்னால் வந்ததை அழித்துவிட்டது.

"எல்லாரையும் வேற வேற பேர் வச்சு ஏத்தச் சொல்லிடலாமே," என்றார் மேனேஜர்.

"பிரசவ வார்டுல பேர் வைக்கிற வரைக்கும் காத்திருக்க மாட்டாங்க சார். பொறந்ததும் கையில நம்பர் கட்டிடுவாங்க. எங்கம்மா முப்பது வருஷமா கட்டுறாங்க, ஒரு குழந்தைகூட மாறினதில்ல," என்றேன்.

வந்து சேரும் ஒவ்வொரு படத்துக்கும் தனி எண் விழும்படி அன்றே மாற்றினேன். நேற்று நாற்பதாயிரம் ஹால் டிக்கெட் போயின, ஒரு முகமும் மாறவில்லை. ஆபீசில் அந்தத் தனி எண்ணுக்கு இப்போது 'அம்மா நம்பர்' என்றே பெயர்.

மீட்டிங்குக்குக் கூப்பிடுகிறார்கள். ஒன்றே ஒன்று: என்னிடம் இருக்கும் உன் படத்தில் வேறெங்கோ பார்க்கிறாய். யூனிஃபார்மில், நேராகப் பார்த்து ஒன்று எடுத்து அனுப்பு. சோதனைக்குத்தான் கேட்கிறேன், வேறொன்றுமில்லை.

உன் மகள்