இருவரைத் தூங்க வைத்த பயிற்சி மெத்தை குறித்து

அனுப்புநர்:
தற்காப்புக் கலைப் பயிற்சிப் பள்ளி நிறுவனரின் கணவர்
(வயது ஐம்பத்திரண்டு, கலை எதுவும் தெரியாது),
பழைய அச்சகக் கட்டடம், முதல் மாடி.

பெறுநர்:
உயர் அலுவலர் அவர்கள்,
உரிமங்கள் பிரிவு.

பொருள்: பயிற்சிப் பள்ளியைத் தங்கும் விடுதி எனக் குறித்து உரிமம் நிறுத்தி வைக்கப்பட்டது – மறு ஆய்வு கோருதல் – தொடர்பாக.

பார்வை: தங்கள் ஆய்வாளரின் அறிக்கை, இம்மாதம் நான்காம் தேதி.

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் மனைவி பதினேழு ஆண்டுகளாக அடுத்தவர் பெயர்ப்பலகையின் கீழ் தற்காப்புக் கலை சொல்லிக் கொடுத்தவர். இப்போதுதான் சொந்தப் பள்ளி. வரும் பதினைந்தாம் தேதி திறப்பு. தையற்கடை அம்மா, இரண்டு நர்சுகள், ஒரு பஸ் கண்டக்டர் உட்பட இருபத்து மூன்று பேர் சேர்ந்துவிட்டார்கள். பலகையும் எழுதி மாட்டியாகிவிட்டது. உரிமம் வராததால் அதைப் பழைய போர்வை ஒன்றால் மூடி வைத்திருக்கிறோம். போர்வை தொங்குவது விடுதி என்ற சந்தேகத்தைக் கூட்டும் என்பது எனக்கும் தெரிகிறது. அந்த அளவுக்கு வீட்டில் வேறு துணி இல்லை.

2. கையுறை, தலைக்கவசம், முழங்கால் பட்டை எல்லாவற்றையும் மனைவியே தேர்ந்தெடுத்தார். குத்துப்பை உறுதியா என்று கடையிலேயே ஓர் உதை விட்டுப் பார்த்தார். அன்றிலிருந்து கடைக்காரர் என்னைக் காணும்போதெல்லாம், "சார், வீட்ல எல்லாம் சுமுகமா?" என்று தணிந்த குரலில் விசாரிக்கிறார். மெத்தை வாங்கும் பொறுப்பு மட்டும் என்னிடம் தரப்பட்டது. காரணத்தை அவர் வார்த்தையிலேயே தருகிறேன்: "விழுறதுல உங்கள மிஞ்ச ஆள் கிடையாது. நீங்களே பாத்து வாங்கிட்டு வந்துடுங்க." மாடிப்படி, குளியலறை, ஒருமுறை உட்கார்ந்திருந்த நாற்காலி என என் அனுபவம் விரிவானது. மறுக்க முடியவில்லை.

3. சட்டைப்பையில் ஒரு சீட்டும் வைத்து அனுப்பினார். கட்டைவிரலால் அழுத்தினால் விரல் புதையக் கூடாது. மெத்தை மெத்தென்று இருந்தால் கால் புதைந்து கணுக்கால் பிசகும். பின்பக்கம் ஒன்று, இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று என மூன்று முறை விழுந்து, மூன்று முறையும் எழுந்த பிறகே வாங்க வேண்டும். கடையில் கெட்டியான மெத்தையின் மேல் முதலில் விழுந்தேன். இடுப்பு அதை நிராகரித்தது. அடுத்து, கனமான, மெத்தென்ற நீல மெத்தை. பின்பக்கமாக ஒருமுறை விழுந்தேன். எழவில்லை. "சார், சாப்பாட்டுக்குக் கடைய சாத்தணும்" என்று கடைக்காரர் தோளைத் தட்டிய பிறகே விழித்தேன். இதைவிட நல்ல தரச்சான்று எந்தப் பொருளுக்குக் கிடைக்கும் என்று எண்ணி, பள்ளிக்கு வேண்டிய பதினான்கு மெத்தைகளையும் அதிலேயே எடுத்தேன். ஐயா, தவறு இங்கேதான் தொடங்கியது.

4. நான்காம் தேதி காலை மெத்தைகள் வந்தன. வேனில் ஏற்றி வந்த மைத்துனர், "மச்சான், தலகாணி எத்தன வேணும்?" என்று கேட்டுவிட்டுப் போனார். மனைவி கட்டைவிரலால் அழுத்தினார். விரல் மட்டுமல்ல, மணிக்கட்டு வரை காணாமல் போனது. "ஏங்க, நான் சண்ட சொல்லிக் குடுக்கப் போறேனா, பிரசவம் பாக்கப் போறேனா?" என்றார். மறுநாளே திருப்பி அனுப்புவதென்று முடிவாயிற்று. அன்று பிற்பகல் இரண்டு மணிக்குத் தங்கள் ஆய்வாளர் வந்துவிட்டார்.

5. ஆய்வாளர் கடமையில் கறாரானவர். சன்னல்களை அளந்தார். அவசர வழிக் கதவை மூன்று முறை திறந்து மூடினார். மணல் வாளியில் கைவிட்டு மணல்தானா என்று பார்த்தார். கடைசியாக மெத்தையின் கனத்தை அளக்க முட்டி போட்டார். பிறகு, சரியாகத் தெரியவில்லை என்று முழங்கையை ஊன்றினார். பிறகு அளவு நாடா சுருண்டுகொள்ளும் சத்தம் மட்டும் கேட்டது. எட்டிப் பார்த்தால் தூங்கிவிட்டிருந்தார்.

6. எழுப்பலாமா என்று கேட்டேன். "ரெண்டு பஸ் மாறி வந்திருக்காரு, பாவம். கொஞ்ச நேரம் விடுங்க" என்று சொல்லி, மனைவி மின்விசிறியைப் போட்டு, உதை பழகும் பஞ்சுப் பலகை ஒன்றை அவர் தலைக்கு அடியில் வைத்தார். அவர் விழிக்கும்வரை காவல் இருக்கும்படி என்னிடம் சொல்லிவிட்டுக் கீழே போனார். நானும் காவல் இருந்தேன், பக்கத்து மெத்தையில், முதலில் உட்கார்ந்தபடி.

7. நாற்பது நிமிடம் கழித்து விழித்தவர் என் குறட்டையைக் கேட்டிருக்கிறார். அறிக்கையின் வாசகம் இது: "ஆய்வின்போது மின்விசிறி, தலையணை வசதியுடன் இருவர் உறங்கிக்கொண்டிருந்தமை கண்டறியப்பட்டது. எனவே இவ்விடம் விடுதியாகப் பயன்படுகிறது." அறிக்கையின் எண்ணிக்கையில் ஒரு பிழையும் இல்லை. அந்த இருவரில் ஒருவன் நான். மற்றவர் யார் என்பதை மட்டும் அறிக்கை சொல்லாமல் விட்டுவிட்டது. அவரும் கூச்சத்தில்தான் அவசர அவசரமாக எழுதியிருப்பார். கூச்சப்பட வேண்டியதில்லை. என்னைவிட அவர் தாமதமாகத்தான் அந்த மெத்தையிடம் தோற்றார். நான் கடையிலேயே தோற்றவன்.

8. ஆகவே இதை ஆய்வாளர் மீதான புகாராகத் தாங்கள் கொள்ள வேண்டாம். அவருக்கு விளக்கம் கேட்டு ஓலை எதுவும் போக வேண்டாம் என்று மனைவி கண்டிப்பாக எழுதச் சொன்னார். புகார் மெத்தையின் மீதும், அதைத் தேர்ந்தெடுத்த என் மீதும்தான். தண்டனை ஏற்கெனவே நிறைவேற்றப்பட்டுவிட்டது. நீல மெத்தைகள் திரும்பிப் போய், கெட்டியானவை பதினான்கு வந்திருக்கின்றன. இம்முறை சீட்டு எழுதவில்லை. மனைவியே பக்கத்தில் நின்றார். மெத்தைக்கு மூன்று வீதம் நாற்பத்திரண்டு முறை விழுந்து, நாற்பத்திரண்டு முறையும் எழுந்தேன். முப்பதாவது முறைக்குப் பிறகு மனைவிதான் கைகொடுத்துத் தூக்கினார் என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன்.

9. இது சிரிக்கக்கூடிய விஷயந்தான். ஆனால் தினமும் காலையில் மனைவி ஸ்டூல் போட்டு ஏறி, போர்வையின் ஒரு முனையைத் தூக்கி, பலகையின் தூசியைத் துடைத்துவிட்டு மறுபடி மூடுகிறார். அதை நான் கீழே ஸ்டூலைப் பிடித்தபடி பார்க்கிறேன். அப்போது சிரிப்பு வருவதில்லை.

10. எனவே பதினைந்தாம் தேதிக்கு முன் மறு ஆய்வுக்கு ஆணையிட்டு, அந்தப் போர்வையை என் மனைவி தன் கையாலேயே எடுக்க வழி செய்யுமாறு பணிவுடன் வேண்டுகிறேன். அதே ஆய்வாளரையே அனுப்பலாம். சாப்பாட்டுக்குப் பிறகே அனுப்பலாம். புதிய மெத்தையில் எவருக்கும் தூக்கம் வராது என்பதற்கு என் முதுகு சாட்சி.

இப்படிக்குத் தங்கள் உண்மையுள்ள,
(ஒப்பம்)
மெத்தை வாங்கியவன்

நாள்: இம்மாதம் ஒன்பதாம் தேதி
இடம்: மேற்படி மாடி

குறிப்பு: கையெழுத்து கோணலாக இருப்பதற்கு மன்னிக்கவும். உட்கார முடியாததால் இம்மனு முழுவதும் நின்றுகொண்டே எழுதப்பட்டது.