யாருக்கும் தோன்றியிருக்குமாம்

அன்புள்ள தம்பிக்கு,

நீங்கள் எல்லாரும் நலமா என்று கேட்டுவிட்டு, இங்கே நாங்களும் நலம் என்று எழுதுவதுதான் முறை. கேட்பதை மட்டும் கேட்டுக்கொள்கிறேன். மருமகனுக்கு முன்பல் விழுந்துவிட்டதென்று உன் மனைவி படம் அனுப்பியிருந்தாள். சிரிக்கும்போது அப்படியே நீதான்.

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். உன் அத்தான் இப்போதெல்லாம் வீட்டில்தான் இருக்கிறார். நான் எந்த அறையில் நின்று பேசினாலும் அவர் காதில் விழும். அதோடு, உன் குரலைக் கேட்டால் விஷயத்தைச் சொல்லாமல் அழுதுவிட்டு வைத்துவிடுவேன். மருந்துக்கடையில் கூட்டம் இல்லாத மதிய நேரம் இது. கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்து எழுதுகிறேன். நடுவில் யாராவது இருமல் மருந்து கேட்டு வந்தால் வரி அறுந்துபோகும், பொறுத்துக்கொள்.

அத்தானின் காப்புரிமை விண்ணப்பத்தை நிராகரித்துவிட்டார்கள். காப்புரிமை வேலையே பார்க்கிற நீ அன்றைக்குச் சொன்ன அதே காரணம். நீ தேடி எடுத்துக் காட்டிய அதே பழைய ஆவணம்.

அவர் அந்த மெஷினை எதற்காகச் செய்தார் என்பது உனக்குத் தெரியும். ஆனாலும் என் மனசு அங்கேதான் போய் நிற்கிறது. லிஃப்ட் கம்பெனியில் இருந்தபோது, ஆபீசில் இருக்கும் மேற்பார்வையாளர், லிஃப்ட் பழுது பார்க்கும் மெக்கானிக்குக்குக் கம்ப்யூட்டர் பலகையில் படம் வரைந்து காட்டுவார். பேசுவது வேறொரு வீடியோ காலில். ஒருநாள் “இந்த ஒயர்” என்ற குரல் முதலில் போய்விட்டது, அவர் வரைந்த கோடு பின்னால் போய்ச் சேர்ந்தது. மேலே நின்ற மெக்கானிக் வேறு ஒயரைத் தொட்டுவிட்டார். கை வெந்துபோன அந்த மனிதரை அத்தான் ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். பிறகுதான் பலகையையும் வீடியோவையும் ஒன்றாக்கி, குரலும் கோடும் ஒரே நேரத்தில் போய்ச் சேருகிற மாதிரி செய்தார். வேலையை விட்டதும் அதற்காகத்தான்.

காப்புரிமை அலுவலகத்தில் இதையெல்லாம் கேட்பதில்லை. அந்தத் தொழில் தெரிந்த சாதாரண ஆள் ஒருவர், விண்ணப்பம் போட்ட நாளில் நின்று பார்த்தால், இரண்டையும் சேர்க்க அவருக்குத் தோன்றியிருக்குமா என்பது ஒன்றுதான் கேள்வி. அந்த ஆளை யாரும் பார்த்ததில்லை. ஆனால் எங்கள் வீட்டில் இப்போது மூன்று பேருக்கு நடுவே நான்காவதாக அவரும் குடியிருக்கிறார். சாப்பிடும்போதுகூட அவரைப் பற்றித்தான் பேச்சு.

விசாரணை வீடியோ காலில்தான் நடந்தது. அத்தான் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு, தலை வாரி, பரீட்சைக்குப் போகிற பிள்ளை மாதிரி உட்கார்ந்தார். நான் படத்தில் விழாதபடி கதவோரம் நின்றேன். அதிகாரி ஒரு பெண், என் வயதுதான் இருக்கும், தன்மையாகப் பேசினார். கோபப்பட எனக்கு ஓர் இடமும் அவர் தரவில்லை.

ஒரு கட்டத்தில், விளக்குவதற்காக அந்த வீடியோ காலிலேயே ஒரு பலகையைத் திறந்தார். ஒரு பெட்டி வரைந்து, இது பலர் சேர்ந்து எழுதும் பலகை பற்றிய பழைய ஆவணம் என்றார். இன்னொரு பெட்டி வரைந்து, இது வீடியோ பேச்சு பற்றியது என்றார். குரலையும் படத்தையும் “வேறு எதையும்” ஒரே கடிகாரத்தில் கட்டலாம் என்று இரண்டாவதில் ஒரு வரி இருக்கிறதாம். அந்த ‘வேறு எதையும்’ இருக்கும்போது, பலகையையும் சேர்த்துக் கட்ட யாருக்கும் தோன்றியிருக்கும் என்று சொல்லி, இரண்டு பெட்டிக்கும் நடுவே ஒரு கோடு போட்டார். அவர் குரலும் கோடும் துளி பிசகாமல் ஒன்றாக வந்தன.

அத்தான் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்: “கோடு நல்லா வருதுங்க மேடம். தாமதமே இல்ல.”

அந்த அம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டார். “நீங்க விண்ணப்பம் போட்டப்ப இது இல்லைன்னு எனக்குத் தெரியும் சார். இன்னிக்கு இருக்கறதை வெச்சு நான் பாக்கல. அன்னிக்கு இருந்த இந்த ரெண்டை வெச்சுத்தான் பாக்கறேன்.”

அப்படியானால் ஏன் அதுவரை யாரும் செய்யவில்லை என்று அத்தான் கேட்டார். நியாயமான கேள்விதான், ஆனால் யாரும் செய்யவில்லை என்பது மட்டும் போதாது என்றார் அவர். இந்தக் குறையை மற்றவர்கள் தீர்க்கப் பார்த்து முடியாமல் போனதற்கு ஏதாவது ஆதாரம் உண்டா என்று அவராகவே எடுத்தும் கொடுத்தார். அந்த ஆதாரம் கம்பெனியின் விபத்து அறிக்கையில் இருக்கிறது. லிஃப்ட் கம்பெனி அதை வெளியே தர மாட்டேன் என்கிறது. அத்தான் தலையை ஆட்டிவிட்டு, நன்றி சொல்லி வணக்கம் வைத்தார்.

உன் மருமகளைப் பற்றியும் எழுத வேண்டும். அவள் பள்ளியில், இப்போது இதையே செய்து விற்கிற ஒரு பெரிய கம்பெனியின் மென்பொருளில்தான் பாடம் நடக்கிறது. அப்பா வந்தால் சட்டென்று மூடிவிடுவாள், ஏதோ தப்புச் செய்த மாதிரி. போன வாரம் அவள் கவனிக்காமல் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தபோது, இவர் பின்னால் வந்து நின்றுவிட்டார். இவர் குனிந்து பார்த்துவிட்டு, “பேனாவைக் கொஞ்சம் தடிமனா வெச்சுக்கோடா, டீச்சருக்குத் தெரியும்” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவள் சமையலறைக்கு வந்து, அப்பா என்னைத் திட்டியிருக்கலாம்மா என்றாள்.

தம்பி, நீ அந்த ஆவணத்தைக் காட்டியபோது, “உன் தம்பி என் பக்கமா அந்தப் பக்கமா” என்று அவர் என்னிடம் கேட்டது உன் காதுக்கும் வந்திருக்கும். அதற்குப் பிறகு நீங்கள் இருவரும் பேசிக்கொள்வதில்லை. நான் பஞ்சாயத்துக்கு வரவில்லை. நீ தொழிலைச் சரியாகத்தான் செய்தாய். அந்த அதிகாரியும் சரியாகத்தான் செய்தார். எல்லாரும் சரியாகச் செய்தும் என் வீட்டில் ஒரு மனிதர் உடைந்து உட்கார்ந்திருக்கிறார். யாரிடம் போய்ச் சண்டை பிடிப்பேன்?

மேல்முறையீட்டுக்கு இன்னும் நாள் இருக்கிறதாம். செய்யுங்கள் என்றும் என்னால் சொல்ல முடியவில்லை, வேண்டாம் என்றும் சொல்ல முடியவில்லை. அவரும் அதைப் பற்றிக் கேட்பதை நிறுத்திவிட்டார். முந்தாநாள் துணி மடித்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் வந்து உட்கார்ந்து, தானும் ஒரு துண்டை எடுத்து மடித்தபடி கேட்டார்:

“நான்னு ஒருத்தன் இல்லாமலே போயிருந்தாலும் இது வந்திருக்கும், இல்ல?”

சாதாரணமாகத்தான் கேட்டார். சாப்பாடு ஆறுது, வாங்க என்றேன். இருபது வருஷம் கூட வாழ்ந்தவள் அதற்குச் சொல்லக்கூடிய பதிலா அது? அவரும் வந்து சாப்பிட்டார்.

நான் கடைக்கும் பிள்ளை பள்ளிக்கும் போனபின், சாயங்காலம்வரை அவர் தனியாக இருக்கிறார். மதியம் ஒரு சாக்குச் சொல்லிப் போன் செய்கிறேன். பால் இருக்கிறதா, தண்ணீர் வந்ததா என்று கேட்கிறேன். மணி அடித்துக்கொண்டே இருக்கும்போது இந்தக் கல்லாவைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். அவர் எடுக்கிறார். சில நாள் கொஞ்சம் தாமதமாக.

அவரிடம் சட்டம் பேச வேண்டாம். நீ சொன்னதுதான் சரி என்றும் வேண்டாம், வருத்தம் தெரிவிக்கவும் வேண்டாம். அந்த வேலையை அவ்வளவு தூரம் புரிந்து படித்தது என்னவோ நீதான். நான் பாராட்டினால் பெண்டாட்டி பேச்சு என்று நினைப்பார். நீ பக்கத்தில் உட்கார்ந்தால், அவரே மெஷினைத் திறந்து காட்டுவார் என்று தோன்றுகிறது. பார்த்துக்கொண்டு மட்டும் இரு.

லீவு கிடைக்குமா, பயணம் முடியுமா என்று நான் கேட்கவில்லை. நீயும் பெண்டாட்டி பிள்ளையும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும். ஆனால் வந்துவிடு. நான் எழுதினேன் என்று சொல்லாதே. வேறு வேலையாக இந்தப் பக்கம் வந்ததாகச் சொல்லிக்கொள். சீக்கிரம் வா, தம்பி.

உன்னையே நம்பியிருக்கும்
அக்கா