எல்லாருக்கும் பதினெட்டு

ஜூலை 15, 2003. செவ்வாய்
காற்று. மண்ணோடு பனியன் பஞ்சும் பறந்து கண்ணில் விழுகிறது. வேலைக்குப் போகும் பிள்ளைகளுக்குச் சங்கம் நடத்தும் மாலை வகுப்புக் கொட்டகைக்கு வெள்ளையடிக்க ஆள் வரவில்லை. நானே அடித்தேன். முதுகு வலி.

ஞாயிறு கோவையிலிருந்து அறிவியல் மியூசியம் வண்டி. எங்கள் சங்கமும் அவர்களும் சேர்ந்து நடத்துவது. ஆர்வமுள்ள பிள்ளைகளைப் பொறுக்கி, வாராவாரம் கோவைக்கே கூட்டிப்போய்ச் சொல்லிக்கொடுப்பார்களாம். பதினாலு வயதுக்கு மேல் கிடையாது.

யார் போகிறார்களோ இல்லையோ, முத்துமாரி போக வேண்டும். பன்னிரண்டு வயது. கைமடி வேலை, தையல் மிஷின் பக்கத்தில் நின்று துணி மடித்துக் கொடுப்பது. நேற்று கேட்டாள்: "அக்கா, கரண்டு போனாலும் மிசினு சித்த நேரம் சுத்திட்டுத்தான நிக்குது. அந்தச் சித்த நேரம் எங்கேருந்து வருது?" நான் பி.ஏ. வரலாறு. முழித்தேன்.

ஜூலை 18, வெள்ளி
வாங்க: பசை, நூல், பிளாஸ்டிக் டம்ளர்.

பேனர் வந்தது. கீழே 'மதிய உணவு உபயம்' என்று முத்துமாரி வேலை பார்க்கும் கம்பெனி முதலாளி பெயர். எங்கள் பெயரைவிடப் பெரிய எழுத்து. பிள்ளைகளை வேலைக்கு வைத்துக்கொண்டு பிள்ளைகளுக்கே தக்காளி சாதம். சங்கச் செயலாளர் கந்தசாமி அண்ணனிடம் கத்தினேன். "அம்மிணி, சோத்துப் பொட்டலத்துக்கு வேற ஆரு குடுப்பாங்க, சொல்லுங்க பாக்கலாம்?"

ஜூலை 20, ஞாயிறு
வண்டி வந்தது. இறங்கியவர்கள் கழுத்தில் அட்டை, கையில் கேமரா, கூட ஒரு வெள்ளைக்காரப் பெண். அவ்வளவுதான். "டேய், பையர்!" என்று ஒரு பயல் கத்தினான். பாதிப் பிள்ளைகள் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால். பையர் என்றால் துணி வாங்கும் வெளிநாட்டுக்காரர்கள். அவர்கள் வரும் நாளில் கம்பெனியில் இவர்களைப் பின்வாசல் வழியே விரட்டுவது வழக்கம். துரத்திப் பிடித்துக் கூட்டி வந்தோம். "கோழி புடிக்கற மாதரி இருக்குதுங்க" என்றார் அண்ணன்.

நிலாவில் உன் எடை என்ன என்று காட்டும் மிஷின். ஏறும்போது மியூசியம் அதிகாரி பேர், வயசு கேட்டார். "பதினெட்டு." "பதினெட்டு சார்." முன்பல் விழுந்த பயலும் "பதினெட்டு." யார் கேட்டாலும் சொல்ல, சூப்பர்வைசர் பழக்கிய பாடம். அண்ணன்: "எல்லாத்துக்கும் ஆடிப் பதினெட்டாட்ட இருக்குதுங்க!" அதிகாரியும் சிரித்தார்.

முத்துமாரி தன் மிஷின் கேள்வியை அவரிடம் கேட்டாள். மனிதர் குத்தவைத்து உட்கார்ந்து, சைக்கிள் சக்கரத்தைச் சுற்றிவிட்டு விளக்கினார். ஓடுவது ஓடிக்கொண்டே இருக்கத்தான் பார்க்கும், தடுப்பதுதான் நிறுத்துகிறது என்று.

"அப்ப எதுவுமே தடுக்கலைன்னா?"

"நிக்கவே நிக்காது."

அவள் முகத்தை அப்படி நான் பார்த்ததே இல்லை. "இந்தப் பொண்ணு கண்டிப்பா வரணும்" என்றார். "வயசு?"

"பதினெட்டு."

"பன்னெண்டு சார்" என்றேன்.

அவள் பேனரைப் பார்த்தாள். "பதினெட்டு சார்."

ஜூலை 21, திங்கள்
மழை வருவதுபோல் இருந்தது. வரவில்லை. அதிகாரிக்கு போன் போட்டேன். நல்ல மனிதர்தான். "நீங்க சொல்றத நம்பறேன் மேடம். ஆனா பிள்ளையே பதினெட்டுங்குதே. ஞாயித்துக்கிழமை அவளே சொல்லட்டும், ஏத்திக்கறேன்." வருகிற பிள்ளைகளின் பெயரும் வயதும் சோறு போட்ட முதலாளிக்குப் போகுமா என்று கேட்டேன். "உபயதாரராச்சே, அனுப்பித்தான் ஆகணும்."

ஜூலை 23, புதன்
முத்துமாரியின் அம்மாவைப் பார்த்தேன். ராமநாதபுரத்துக்காரி. கம்பெனி கொடுத்த ஒற்றை அறை. "எம்மவ சரியாத்தான் சொன்னா. நீதான் தாயி பன்னெண்டுன்னு ஊரைக் கூட்டிருக்க. வேலை போனா ரூமும் போச்சு. ஒங்க மியூசியத்துல பாய் விரிக்க எடங் குடுப்பாகளா?"

முத்துமாரி சோறு வடித்துக்கொண்டிருந்தாள். திரும்பவில்லை.

ஜூலை 27, ஞாயிறு
பல் வலி. கிராம்பு வைத்துக்கொண்டு போனேன்.

பஸ் ஸ்டாப்பில் மியூசியம் வண்டி. ஏறியவர்கள் மெட்ரிக் பள்ளிப் பிள்ளைகள், ஷூவோடு. எங்கள் கொட்டகைப் பிள்ளை ஒன்றுகூட இல்லை.

எதிர்ப்பக்கம் கம்பெனி வேன், ஞாயிறு அரை ஷிப்ட்டுக்கு. முத்துமாரி டிபன் டப்பாவோடு நின்றாள். கையைப் பிடித்து இழுத்து வந்தேன். வந்தாள்! அதிகாரி ஜன்னல் வழியே குனிந்தார். "வாம்மா. இப்ப சொல்லு, வயசு என்ன?"

உதடு 'ப' என்று கூடியது. பன்னெண்டு, பதினெட்டு, இரண்டுக்கும் அதே எழுத்துதான்.

"பதினெட்டு சார்."

சத்தமாக. எதிர்ப்பக்க வேன் டிரைவருக்கும் கேட்கிற மாதிரி.