காந்திமதியின் பரீட்சையும் வராத பஸ்ஸும்

காணை
26-2-1961

சிரஞ்சீவி அரங்கநாதனுக்கு உன் அம்மா அஞ்சம்மாள் ஆசீர்வதித்து எழுதுவது. கடவுள் புண்ணியத்தில் நானும் உன் அப்பாவும் எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறோம். பிலாயில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கொண்டு சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். உன் கடிதம் வந்து நாளாகிவிட்டது, பதில் போட எனக்குக் கையும் ஓடவில்லை, மனசும் ஓடவில்லை. கரும்பு வெட்டு முடிந்தது, சிவப்புப் பசு கிடாரிக்கன்று போட்டிருக்கிறது, உன் அப்பாவுக்கு முட்டிவலி அப்படியேதான் இருக்கிறது, எண்ணெய் தடவிக்கொள் என்றால் கேட்கிற மனுஷரா அவர்.

புது பஸ் ஓட ஆரம்பித்துவிட்டதா, தங்கச்சி சௌகரியமாகப் பள்ளிக்கூடம் போய் வருகிறாளா என்று கேட்டிருந்தாய். ஆடியில் வருகிறது, ஐப்பசியில் வருகிறது, பொங்கலுக்குக் கட்டாயம் வருகிறது என்று பஸ் முதலாளி கோதண்டபாணி சொல்லிச் சொல்லி மாசியும் பாதி போய்விட்டது. கேட்டால் வண்டியின் அடிச்சட்டம் மதராசிலிருந்து வந்துவிட்டது, திண்டிவனத்தில் பாடி கட்டுகிறார்கள் என்பார். அடிச்சட்டம் வந்தால் தகரம் இல்லை, தகரம் வந்தால் ஆசாரி இல்லை. உன் அப்பாவும் இன்னும் சிலரும் திண்டிவனத்துக்கே போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள், புளியமரத்தடியில் வெறும் இரும்புச் சட்டம் நிற்கிறது, அதில் ஏறிக் கோழி அடை படுத்திருக்கிறது என்று சொல்லிவிட்டு உன் அப்பா திரும்பிப் படுத்துக்கொண்டார். கடலூர் கலெக்டருக்கு மனு போட்டார்கள், ஆவன செய்யப்படும் என்று பதில் வந்ததோடு சரி. பழைய பஸ்தான் ஓடுகிறது, அதுவும் மேலூர்களிலேயே நிரம்பி வழிந்துகொண்டு வந்து நம்ம ஊரில் நிற்காமல் போகிறது. நின்றாலும் ஆண்பிள்ளைகள் தொற்றிக்கொள்கிறார்கள், பெண்பிள்ளை எங்கே தொற்றுவாள் சொல்லு.

பொங்கல் கழிந்ததும் நடந்த கூத்தை உனக்கு எழுதவில்லை, எழுத வெட்கமாக இருந்தது. புது பஸ் இன்றைக்கு வருகிறது என்று யாரோ சொல்லி ஊரே மேளத்தோடு ரோட்டில் போய் நின்றது. புதுப்பெண்ணை அழைக்கிற மாதிரி உன் அத்தை வெள்ளையம்மாள் ஆரத்தித் தட்டோடு முன்னால் நின்றாள். பச்சை நிறத்தில் பளபளவென்று வந்தது, நிறுத்தினோம், பொட்டு வைத்தோம், சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்தோம், ஆரத்தி சுற்றிக் கொட்டினோம். டிரைவர் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு, "யக்கா, இது நம்ம பழைய வண்டிதான், பெயிண்ட் அடிச்சிக்கினு வர்றோம்" என்றான். நிறுத்திய வண்டி அப்புறம் கிளம்பவும் இல்லை. ஆரத்தி எடுத்த கையாலேயே தள்ளிவிட்டோம், கையெல்லாம் பச்சை. அன்றைக்கு எல்லாரும் சிரித்தார்கள், அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை.

நம்ம பெண்பிள்ளைகளை விழுப்புரத்துக்கு ஜட்காவில் கொண்டுபோய் விடுவானே அந்தோணிசாமி, அவனும் புது பஸ் வரும் என்கிற பேச்சை நம்பித்தான் கார்த்திகையில் குதிரையை விற்றுவிட்டான். ஊரே சேர்ந்து, இனிமேல் ஜட்கா எதற்கு என்று அவனுக்கு வேட்டி துண்டு கொடுத்து அனுப்பி வைத்தது. அரசனை நம்பிப் புருஷனைக் கைவிட்ட கதை. இப்போது அவன் கொத்துவேலைக்குப் போக அதே பஸ்ஸுக்கு எங்களோடு நிற்கிறான். குதிரையை ஏன்டா விற்றாய் என்று அவனையே திட்டுகிறார்கள், வேட்டி கொடுத்ததை மறந்துவிட்டார்கள்.

நடுவில் மாட்டிக்கொண்டது உன் தங்கச்சி காந்திமதிதான். பதினோராம் வகுப்பு, இந்த வருஷம் பரீட்சை. பஸ் கிடைக்காமல் பாதி நாள் ரோட்டிலேயே நின்றுவிட்டுத் திரும்பி வந்தாள். பள்ளிக்கூடத்தில் ஒரு செலக்‌ஷன் பரீட்சை வைத்து, அதில் தேறினால்தான் கவர்மெண்ட் பரீட்சைக்கு அனுப்புவார்களாம். உன் அத்தை சும்மா இருப்பாளா, "பொட்டப்புள்ளைக்கு எதுக்கு இந்தப் பேஜாரு" என்று விக்கிரவாண்டியில் ஒரு வரன் பார்த்துக்கொண்டு வந்துவிட்டாள். செலக்‌ஷன் ஆகவில்லை என்றால் வைகாசியில் கல்யாணத்தை முடித்துவிடலாம் என்று உன் அப்பாவும் தலையாட்டிவிட்டார். அவள் விளக்கைக் கிட்ட இழுத்து வைத்துக்கொண்டு படித்தாள்.

அந்தப் பரீட்சை நாளன்று நம்ம ஊரில் நின்றால் இடம் கிடைக்காது என்று, விடியும் முன்னே மேற்கே நடந்து முந்தின ஊரில் போய் ஏறிவிட்டாள். அபூர்வமாக உட்கார இடமும் கிடைத்திருக்கிறது. இந்தப் பக்கம் ஆண்பிள்ளைகள் எல்லாம் இன்றைக்கு பஸ்ஸை மறிப்பது, முதலாளி வந்து நாள் சொல்லாமல் விடுவதில்லை என்று பேசி வைத்திருந்தார்கள். பொம்பளைகள் தடுப்பார்கள் என்று எங்கள் காதில் போடவில்லை. உன் அப்பாவும் கழனிக்குப் போகிறேன் என்று போனவர், நடு ரோட்டில் துண்டை விரித்து முதல் ஆளாகப் படுத்துவிட்டார். முதலாளியும் வரவில்லை, பஸ்ஸும் நகரவில்லை, வெயில் ஏறிவிட்டது. ஜன்னல் ஓரத்தில் காந்திமதி உட்கார்ந்திருந்ததை அவர் பார்க்கவே இல்லை. அவளும் அப்பாவைக் கூப்பிடவில்லை. எல்லார் எதிரிலும் அவருக்குத் தலைகுனிவாகிவிடும் என்று இருந்தாளாம், என்னிடம் சொன்னாள். கடைசியில் புத்தகத்தை எடுத்துக்கொண்டு இறங்கி, படுத்திருந்தவர்களைச் சுற்றிக்கொண்டு விழுப்புரத்தைப் பார்த்து நடக்க ஆரம்பித்தாள். அப்போதுதான் இவர் பார்த்தார். துண்டைக்கூட எடுக்காமல் எழுந்து பின்னாலேயே போனவர், அத்தனை மைலும் அந்த முட்டியோடு நடந்திருக்கிறார். அவள் உள்ளே போனதும் பள்ளிக்கூடத்து கேட் பக்கத்தில் சாயங்காலம்வரை உட்கார்ந்திருந்தாராம்.

பெரிய டீச்சர் நல்லவர், மிச்ச நேரத்துக்கு எழுதச் சொன்னார். எழுதின வரைக்குமே தேறிவிட்டாள். ஆனால் இனி பரீட்சை முடியும்வரை காலையும் மாலையும் தனி வகுப்பு, ஒரு நாள் தவறினாலும் நான் பொறுப்பில்லை என்று சொல்லிவிட்டார்களாம். பரீட்சைக்கு இன்னும் ஒரு மாசம்கூட இல்லை. விழுப்புரத்திலேயே தங்கினால்தான் உண்டு, எங்கள் பழக்கத்தில் அங்கே ஒரு வீடும் இல்லை. அந்தோணிசாமிதான் தயங்கித் தயங்கி வாசலுக்கு வெளியிலேயே நின்றுகொண்டு, விழுப்புரத்தில் அவன் அக்கா சவுரியம்மாள் வீடு பள்ளிக்கூடத்துக்குப் பக்கம், நீங்கள் தப்பாக நினைக்கவில்லை என்றால் என்று சொன்னான். உனக்குத் தெரியும், நம்மவர்கள் அந்த வீடுகளில் தண்ணீர்கூட வாங்கிக் குடித்ததில்லை. உன் அத்தை மட்டும், ஊர் என்ன சொல்லும், விக்கிரவாண்டியார் என்ன சொல்வார்கள் என்று குதித்தாள். உன் அப்பா, "ஊரா எம்பொண்ணுக்கு பஸ்ஸு வுட்டுது" என்று கேட்டுவிட்டு டிரங்குப் பெட்டியைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டார்.

நேற்றுத்தான் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தார். சவுரியம்மாள் இவரை உட்காரச் சொல்ல பயந்துகொண்டு கதவோரமாக நின்றாளாம். இவராகவே தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டு, கேப்பைக்கூழும் குடித்துவிட்டு வந்திருக்கிறார். நான் அழுதேன், மறைக்கவில்லை. வருத்தமா சந்தோஷமா என்று எனக்கே தெரியவில்லை, அலுப்பாக இருக்கிறது. விக்கிரவாண்டியிலிருந்து இனி ஆள் வர மாட்டார்கள் என்று அத்தை சொல்லி அனுப்பியிருக்கிறாள். வராமல் போகட்டும்.

நீ அப்பாவுக்கு ஒரு வரி எழுது, செய்தது சரி என்று மட்டும் எழுது, நான் சொன்னால் அவருக்குக் காது கேட்காது, உன் எழுத்தைத்தான் திரும்பத் திரும்பப் படிப்பார். ராத்திரி ஷிப்டு முடிந்து குளிர்ந்த தண்ணீரில் குளிக்காதே. மயிலம் முருகன் துணையால் நீ தீர்க்காயுசாக நல்ல பெயரோடு இருக்க வேண்டும்.

மறக்காமல் தங்கச்சிக்கும் ஒரு கார்டு போடு. விலாசத்தில் சவுரியம்மாள் வீடு, மாதா கோயில் தெரு, விழுப்புரம் என்று முழுசாக எழுது. நம்ம வீட்டுக்குப் போட்டால் கொண்டுபோய்க் கொடுக்கிறோம் என்று உன் அத்தை எழுதச் சொல்வாள், கேட்காதே. தங்கச்சி இருக்கிற வீட்டுக்கே போடு.

இப்படிக்கு,
உன்னைப் பெற்ற அம்மா,
அஞ்சம்மாள்