இன்னொரு தடவை கிடையாது

ஹாலிவுட்,
மார்ச் 16, 1955, புதன்கிழமை.

அன்புள்ள வின்னிக்கு,

நீயும் மாப்பிள்ளை ஹாலிஸும் அங்கே வெயிலில் வாடாமல் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அப்பாவுக்கு உண்மையில் என்ன ஆயிற்று என்று கேட்டிருந்தாய். பதில் எழுத உட்காரும்போதெல்லாம் ‘எனக்குத் தெரியாது’ என்ற வரியைத் தாண்ட முடியவில்லை. இன்றும் தெரியாது. ஆனால் நாளை மாலை ஒன்று நடக்கப்போகிறது. அதற்குள் எனக்குத் தெரிந்ததையாவது உனக்குச் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது.

நாளை அப்பா தொலைக்காட்சி நாடகம் ஒன்றில் நடிக்கிறார். உங்கள் எண்ணெய் வயல் முகாமில் அந்தப் பெட்டி இல்லை என்பதால் விளக்குகிறேன். இது சினிமா மாதிரி எடுத்து, வெட்டி, ஒட்டிக் காட்டுவதல்ல. இங்கே நடிக்கும் அதே நொடியில் நியூயார்க்கில் பார்ப்பார்கள். ஒரு மணி நேர நாடகம். தடுமாறினால் தடுமாறியதுதான். நன்றாக அமைந்தால் இலையுதிர் காலத்தில் இன்னும் இரண்டு நாடகங்கள் தருவதாகப் பேச்சு. அமையாவிட்டால் ராய் டன்மோர் என்ற பெயருக்கு இந்த ஊர் வைக்கும் கடைசிக் காட்சி அதுவாக இருக்கும்.

நீ பிறந்தபோதே அப்பா புகழ் பெற்றிருந்தார். அதனால் முந்தைய கதை உனக்குப் பாதிதான் தெரியும். நான் பெர்க்லியில் கணிதம் முடித்துவிட்டு இங்கே பள்ளி ஆசிரியையாக வந்தபோது, அவர் குதிரையிலிருந்து விழுகிற எல்மர் ஸ்டுகி. கதாநாயகன் விழ வேண்டிய இடத்திலெல்லாம் அவர் விழுவார். பேசும் படம் வந்ததும் பாதிக் கதாநாயகர்களின் குரல் கீச்சென்று இருப்பது தெரிந்துபோயிற்று. விழுந்துகொண்டிருந்தவருடைய குரல் நன்றாக இருந்தது. ஸ்டூடியோ அவருக்கு ராய் டன்மோர் என்று வேறு பெயர் வைத்தது, பல்லைச் சீராக்கியது, கத்தியும் முள்கரண்டியும் பிடிக்கக் கற்றுக்கொடுத்தது. நெப்ராஸ்கா கிழங்கு வயலில் பிறந்தவரைக் கப்பல் தலைவனின் மகன் என்று பத்திரிகைகளில் எழுத வைத்தது. கடலை முதன்முதலில் எப்போது பார்த்தார் என்று நான் கேட்டால், “போன வெள்ளிக்கிழமை, வாத்தியாரம்மா” என்பார்.

நான் சொல்ல வருவது வேறு. வசனத்தை அவர் எப்படிக் கற்பார் என்பது உனக்கு நினைவிருக்கிறதா? காலையில் மேக்கப் நாற்காலியில் உட்கார்ந்து அன்றைய பக்கத்தைப் பார்ப்பார். முகத்தில் வண்ணம் காய்வதற்குள் வசனம் மனத்தில் ஏறிவிடும். மாலையில் முகத்தைத் துடைக்கும்போது அதுவும் போய்விடும். அப்படித்தான் இருபது ஆண்டுகளுக்கு மேல் ஓடின. ஒரு பக்கத்துக்கு மேல் அவர் எதையும் தலையில் வைத்துக்கொண்டதே இல்லை. தவறினால் சிரித்தபடி கேமராவைப் பார்த்து, “போச்சு. மன்னிச்சுக்கோங்கப்பா, இன்னொரு தடவை போவோம்” என்பார். எல்லோரும் சிரிப்பார்கள், மறுபடி எடுப்பார்கள். அந்தச் சிரிப்புக்காகவே அவரை எல்லோருக்கும் பிடிக்கும். அப்படிப்பட்டவரால் ஒரு மணி நேர நாடகத்தை நினைவில் நிறுத்த முடியவில்லை என்றால், அது நோயா, ஒருபோதும் கற்றுக்கொள்ளாத வித்தையா? என் குழப்பம் இதுதான்.

கிறிஸ்துமஸுக்கு நீங்கள் வந்திருந்தபோது ஹாலிஸை ‘கேப்டன் ப்ரூஸ்டர்’ என்று கூப்பிட்டார். அவருடைய பழைய படத்தில் வரும் பாத்திரத்தின் பெயர் அது. ஹாலிஸ் விறைப்பாக நின்று வணக்கம் வைத்தான். நாமெல்லாம் சிரித்தோம். அப்பாவும் சிரித்தார். ஆனால் முதலில் நம் முகங்களைப் பார்த்துவிட்டு, பிறகுதான் சிரித்தார். நீயும் அதைக் கவனித்திருக்கிறாய் என்று உன் கேள்வியிலிருந்து புரிகிறது.

பிப்ரவரியில் ஒரு நாள் காலையில் காரை எடுத்துக்கொண்டு பழைய ஸ்டூடியோ வாசலுக்குப் போய்விட்டார். அவர்கள் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காமல் விட்டு ஐந்து வருடம் ஆகிறது. வாயிற்காவலர் பழைய ஆள். மரியாதையாகப் பேசித் திருப்பி அனுப்பிவிட்டு எனக்குத் தொலைபேசியில் சொன்னார். அப்பா வீட்டுக்கு வந்து, “கை தானா வண்டியை அங்க திருப்பிடுச்சு. குதிரையும் அப்படித்தான், லாயத்துக்குத்தான் போகும்” என்றார். நான் டாக்டரிடம் அழைத்துப் போனேன். டாக்டர் கணக்குக் கேட்டார், தேதி கேட்டார். அப்பா நர்ஸிடம் தேதியை அவளே சொல்லும்படி பேசி வாங்கிவிட்டார். வெளியே வந்ததும் டாக்டர் என்னிடம் சொன்னது இது: “எனக்குச் சந்தேகமாத்தான் இருக்கு மேடம். ஆனா இவர் நடிகர். தெரியாததைத் தெரிஞ்ச மாதிரி காட்டறதுதான் இவர் தொழில். என் சோதனை இவர்கிட்ட செல்லாது. ஆறு மாசம் போகட்டும், மறுபடி பார்க்கலாம்.”

அடுத்த வாரமே இந்த நாடகம் வந்தது. விபத்துக்குள்ளான ரயிலின் வயதான ஓட்டுநர் வேடம். இரண்டாம் அங்கத்தில் விசாரணை மன்றத்தில் எழுந்து நின்று, பிரேக் போடாதது ஏன் என்று நீளமாகப் பேச வேண்டும். நாடகமே அந்தப் பேச்சில்தான் நிற்கிறது. தோட்டத்திலும் குளியலறையிலும் காரிலும் நான் ஓட்டுநரிடம் கேள்வி கேட்கும் அதிகாரியாக இருந்து அவருக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தேன். ஒரு நாள் பேச்சு முழுவதும் வந்தது. மறுநாள் பாதியில் நின்றது. அதற்கு அடுத்த நாள், “இது எந்தப் படம்?” என்றார். பிறகு கண் சிமிட்டினார். கண் சிமிட்டியதை நான் நம்பவில்லை. நம்பாமல் இருப்பதற்கும் என்னிடம் ஆதாரம் இல்லை.

இன்று முழு உடையுடன் ஒத்திகை. நானும் போனேன். டைரக்டர் மார்வின் க்ளெப்னர், நியூயார்க்கிலிருந்து வந்தவன், உன்னைவிட நாலைந்து வயதுதான் மூத்தவன். நகத்தைக் கடித்துக்கொண்டே இருக்கிறான். அவன் எனக்கு ஒரு பொத்தானைக் காட்டினான். தளத்தைக் கவனிக்கும் ஆள் அதைக் கையிலேயே வைத்திருப்பான். நடிகர் வசனத்தை மறந்தால் அவன் அதை அழுத்துவான். வீட்டில் பார்ப்பவர்களுக்குச் சத்தம் நின்றுவிடும். அந்த இடைவெளியில் வசனத்தை உரக்கச் சொல்லிக்கொடுப்பார்கள். “ஜனங்களுக்குத் தெரியாது மேடம். அவங்கவங்க பெட்டியப் போட்டுத் தட்டிக்கிட்டு இருப்பாங்க” என்று சிரித்தான். “ஆனா அவர் வாயைத் திறந்து வேற எதையாவது பேசிட்டா பொத்தானால ஒண்ணும் பண்ண முடியாது.”

இரண்டாம் அங்கம் வந்தது. அப்பா பேச்சின் நடுவில் நின்றார். பொத்தானை அழுத்த அந்த ஆள் விரலை நகர்த்துவதற்குள், அப்பா நேராகக் கேமராவைப் பார்த்துச் சிரித்தார். “போச்சு. மன்னிச்சுக்கோங்கப்பா, இன்னொரு தடவை போவோம்” என்றார். சிலர் சிரித்தார்கள். மறுபடி தொடங்கினார்கள். அதே இடத்தில் அதே சிரிப்பு, அதே வார்த்தைகள். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. சுவரோரம் நின்றிருந்த பேசில் ட்ரென்ட் மட்டும் உதட்டை அசைத்துக்கொண்டிருந்தார். அவர் இந்த வேடத்துக்கு மாற்றாள். முழு வசனமும் அவருக்குத் தெரியும். அப்பாவின் அளவுக்கே தைத்த இன்னொரு சட்டையும் தயாராகத் தொங்குகிறது.

க்ளெப்னர் என்னைத் தனியே அழைத்துப்போனான். “மேடம், நான் அவர் படங்களைப் பாத்து வளந்தவன். அதனாலதான் மத்தவங்களோட சண்டை போட்டு அவரைக் கூட்டிட்டு வந்தேன். நேராவே கேக்கறேன். இது வெறும் பழக்கதோஷமா, இல்ல உடம்புல ஏதாவதா? உடம்புன்னா சொல்லுங்க. யார் மனசும் நோகாம ட்ரென்ட்டைப் போட்டுடறேன்” என்றான்.

எனக்குத் தெரியாது என்றேன். அது உண்மைதான். ஆனால் டாக்டரிடம் போனதைச் சொல்லவில்லை. நாளை காலை வரை யோசிப்பதாக அவன் சொல்லிவிட்டுப் போனான்.

வழக்கம்போல் அப்பாதான் காரை ஓட்டினார்; வழியில் அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மறைப்பதற்கு எனக்குத் திறமை போதாது. “அந்தப் பையன்கிட்ட டாக்டர் பேச்சை எடுத்தியானா, நாளையிலேருந்து இந்த ஊர்ல எனக்கு உக்கார நாற்காலி கிடையாது. விழறதுன்னா விழறேன், கான்ஸ்டன்ஸ். விழறது எனக்குப் புதுசா? நீயா என்னைக் குதிரையிலேருந்து இறக்கி விட்டுடாதே” என்றார். என் பெயரைச் சொல்லி அவர் கூப்பிட்டு எத்தனையோ காலமாயிற்று.

வீட்டுக்கு வந்ததும் இன்னொன்று கேட்டார். விசாரணை மன்றத்தில் வேடிக்கை பார்க்கும் கூட்டம் ஒன்று உண்டு. பேச்சே இல்லாத ஆட்கள். அதில் முன்வரிசையில் நான் உட்கார வேண்டுமாம், அவர் கண்ணில் படும்படி. சினிமாக்காரியாக மட்டும் ஆகமாட்டேன் என்று சொல்லித்தான் நான் அவரைக் கட்டிக்கொண்டேன். இத்தனை ஆண்டுகளில் ஒரு கேமராவின் முன்னாலும் நின்றதில்லை. சரி என்றேன். க்ளெப்னருக்குத் தொலைபேசி செய்தேன். அவன் நீண்ட மூச்சு விட்டான். “நீங்க அங்க இருந்தா அவர் நிப்பாரா?” என்று கேட்டான். அதற்கும் தெரியாது என்றுதான் சொன்னேன். “எல்லாத்துக்கும் இதே பதில்தானா மேடம்?” என்றவன், கடைசியில், “சரி, வாங்க. பழுப்புத் தொப்பி இருந்தா போட்டுட்டு வாங்க” என்றான்.

வின்னி, கோடை வரை காத்திராமல் ஏப்ரலிலேயே வர முடியுமா? ஹாலிஸுக்கு விடுப்பு கிடைக்காவிட்டால் நீ மட்டும் வா. அப்பாவுக்காக வருகிறேன் என்று அவருக்கு எழுதாதே. எனக்கு உடம்பு சரியில்லை என்று எழுது. அவர் உன்னை எப்படி வரவேற்றாலும், எந்தப் பெயரில் கூப்பிட்டாலும், அந்தப் பெயருக்கே திரும்பிப் பார். கடவுளிடம் எனக்குப் பெரிய பழக்கமில்லை என்பது உனக்குத் தெரியும். ஆனாலும் உங்கள் இருவரையும் அவர் காக்கட்டும்.

என்றும் உன்
அம்மா.

வெள்ளிக்கிழமை காலை.

உறையை ஒட்டவில்லை. நேற்று நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

உடை கொடுக்கும் பெண், “முகத்தைக் கொஞ்சம் கவலையா வெச்சுக்கணும் மேடம்” என்றாள். என்னைப் பார்த்ததும், “ஓ, அப்படியே இருங்க. அதுவே போதும்” என்றாள். ட்ரென்ட் மாற்றுச் சட்டையைப் போட்டுக்கொண்டு தயாராக நின்றார். க்ளெப்னர் தளத்தைப் பார்த்தபடி இயக்கும் கண்ணாடி அறைக்கு மேலே ஏறிப் போனான்.

முதல் அங்கம் சரியாகப் போயிற்று. இரண்டாம் அங்கத்தில் அப்பா எழுந்து நின்றார். பேச்சைத் தொடங்கினார். வளைவு வருகிறது, சிவப்பு விளக்கு தெரிகிறது என்பது வரை வந்தது. அங்கே நின்றுபோனார். பொத்தானின் மேல் அந்த ஆளின் கட்டைவிரல் இருந்தது. அப்பாவின் பார்வை மேசைக்குப் போயிற்று, அதிகாரிகளிடம் போயிற்று, கூட்டத்தின் வரிசையில் நகர்ந்து என்னிடம் வந்தது. அவர் உதட்டோரத்தில் அந்தச் சிரிப்பு தொடங்குவதைப் பார்த்தேன். வாய் திறந்துவிட்டது.

நான் தலையை அசைத்தேன். வேண்டாம் என்று, மிக லேசாக. பக்கத்திலிருந்தவருக்குக்கூடத் தெரிந்திருக்காது.

வாயை மூடிக்கொண்டார். தலையிலிருந்த ரயில்வே தொப்பியைக் கழற்றினார். நாடகத்தில் அப்படி எதுவும் இல்லை. தொப்பியின் உள்ளே எதையோ தேடுவதுபோல் பார்த்தார். பிறகு அந்த ஓட்டுநர் பேசினார். எழுதிக்கொடுத்த வரிசையில் அல்ல. முன்பின்னாக, சில இடங்களில் சொந்த வார்த்தையில், ஆனால் சொல்ல வேண்டிய எல்லாவற்றையும் சொன்னார். அந்த ஆள் பொத்தானிலிருந்து விரலை எடுத்து, கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டான்.

முடிந்ததும் தளத்தில் இருந்தவர்கள் எல்லோரும் கைதட்டினார்கள். க்ளெப்னர் படியில் தாவி இறங்கி வந்தான். நாடகத்துக்குப் பணம் போடும் விளம்பரக்காரர்களே நியூயார்க்கிலிருந்து கூப்பிட்டுவிட்டார்களாம், அந்தத் தொப்பியைக் கழற்றிய இடத்தில் அழுதார்களாம், இரண்டு நாடகங்களும் உறுதியாம். அதைச் சொல்லிக்கொண்டே மேக்கப் அறைக்கு என்னுடன் வந்தான்.

அப்பா நாற்காலியில் இருந்தார். முகத்தைத் துடைக்கக் களிம்புடன் வந்த பெண்ணின் கையைப் பிடித்து நிறுத்தியிருந்தார். “துடைக்காதேம்மா. ஒத்திகைதானே முடிஞ்சிருக்கு. இன்னும் எடுக்கலையே” என்றார்.

அந்தப் பெண் சிரித்தாள். க்ளெப்னரும் வாய்விட்டுச் சிரித்தான். அப்பா அவர்கள் முகங்களைப் பார்த்தார், பிறகு தானும் சிரித்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“எடுத்தாச்சு, எல்மர்” என்றேன்.

“எத்தனை டேக்?”

“ஒண்ணே ஒண்ணு.”

“நல்லா வந்ததா?”

“நல்லா வந்தது.”

அவர் தலையைப் பின்னால் சாய்த்து, கண்ணை மூடி, அந்தப் பெண்ணிடம் முகத்தைக் கொடுத்தார்.

க்ளெப்னரை வெளியே அழைத்துப்போய் டாக்டர் சொன்னதைச் சொன்னேன். அவன் முகத்தில் இருந்த சிரிப்பு போக நேரம் எடுத்தது. “நேத்து நான் கேட்டப்ப ஏன் மேடம் சொல்லலை?” என்றான். சொல்லியிருந்தால் இன்று நடந்தது நடந்திருக்காது என்றேன். “அப்ப இப்ப மட்டும் ஏன் சொல்றீங்க?” என்றான். இதற்கு எனக்குப் பதில் தெரிந்திருந்தது. அடுத்த நாடகத்தில் நான் தலையை அசைத்தால் அது என்னவென்று அவருக்குப் புரியாமல் போகலாம் என்றேன். அவன் நகத்தைக் கடித்தபடி அந்த இடத்திலேயே நின்றான். இரண்டு நாடகங்களைப் பற்றி அவனும் பிறகு பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

வாசலுக்கு வந்தோம். காரின் அருகில் அப்பா கொஞ்ச நேரம் நின்றார். தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தார். கோட்டுப் பையிலிருந்து சாவியை எடுத்து, என் கையில் வைத்துவிட்டு, மறுபக்கம் சுற்றிப்போய் ஏறி உட்கார்ந்தார். நான்தான் வீடு வரை ஓட்டி வந்தேன்.